மூணு தட்டு

நன்றி கெட்டவளா? யாரு சார் நன்றி கெட்டவ? ட்ரெய்னிங்னு ஒரு மாசம் ஏசி ரூம்ல உக்கார வச்சு, கழுத்துல ஒரு அட்டைய மாட்டி, மத்தியானம் ஒரு பொட்டலம் லெமன் சாதம் குடுத்துட்டாங்கன்னா அதுக்காக ஆயுசுக்கும் வாயில பூட்டு போட்டுக்கிடணுமா? பூட்டு போடச் சொல்றவங்க சொல்லட்டும், சாவியத் தூக்கிக்கிட்டு நீங்க ஏன் சார் முன்னால வாரீங்க? நீங்க எங்க டிபார்ட்மெண்டுக்குத் தலைவரா, அவங்க ரேடியோ ஸ்டேஷனுக்கு வாட்ச்மேனா? இதையெல்லாம் டெல்பினா வாயத் தொறந்து சொல்லல. சொல்ல வேண்டிய நேரம் பத்து நிமிசத்துக்கு முன்னாலயே போச்சு. கலையரங்கத்து வாசல்ல, தண்ணி கேன் வச்சிருந்த மேசைப் பக்கத்துல கருணாகரன் சார் அவள ஓரங்கட்டி, கேக்க வேண்டியதெல்லாம் கேட்டுட்டு, சட்டையச் சரி பண்ணிக்கிட்டு மொத வரிசைக்குப் போயாச்சு. காலேஜ் பூரா வாயாடின்னு பேரெடுத்தவளுக்கு, விஸ்காம் மூணாம் வருசத்துல எவன் என்ன சொன்னாலும் மறுத்துப் பேசுறதுக்குன்னே பொறந்தவன்னு பேரு வாங்கினவளுக்கு, அந்த ஒரு நிமிசம் ஒரு வார்த்த வரல. இப்பதான் பதில் எல்லாம் வரிசையா வருது, மழ வெறிச்ச பெறகு கொடை கெடச்ச மாதிரி. ஏழாவது வரிசையில, ஃபேன் காத்து எட்டாத எடத்துல, கையில மடிச்சு வச்ச காகிதம் வேர்வையில ஊறிப் போயி, நாலா மடிச்சது எட்டா ஒட்டிக்கிட்டு இருந்திச்சு. "ஏட்டி, பல்லக் கடிக்காத, சத்தம் எனக்கே கேக்கு"ன்னா பக்கத்துல இருந்த சபூரா. "பல்லு உன்னோடதா?"ன்னா இவ. "இல்ல, ஆனா காது என்னோடது." சிரிக்கணும் போல இருந்திச்சு, வரல.

மேடையில பெரிய திரை. அதுல நீலக் கடல் ஒண்ணு ஓடுச்சு, எந்த ஊர்க் கடலோ, இந்த ஊரு வேம்படித்துறைக் கடல் அந்த நீலம் கெடையாது, இது சாணியும் டீசலும் கலந்த பச்ச. கீழ எழுத்து: நம்ம கரை எஃப்எம், பதினஞ்சு வருசப் பயணம். பயணமாம். ஒரே எடத்துல நிக்குற டவரு எங்க பயணம் போகும்? போனதெல்லாம் பேருதான். அந்தப் பதினஞ்சு வருசக் கதைய ட்ரெய்னிங் கடேசியில எழுதிக் குடுத்ததே இவதான், ட்ரெய்னிங் வந்த புள்ளையள வேற எதுக்கு வச்சிருக்காங்க, பழைய டேப்பு தூசி தட்டத்தான். பன்னெண்டு பக்கம் எழுதுனா. அதுல நாலு வரிய எடுத்துக்கிட்டு, மிச்சத்த ஸ்டேஷன் ஹெட் நிவேதிதா மேடம் பச்ச மையில அடிச்சுட்டாங்க. அந்த நாலு வரியத்தான் இப்ப கனத்த கொரல்ல ஒருத்தன் வாசிக்கான். "ஒரு கனவோடு தொடங்கியது." கனவா? உப்பளத்து தங்கராசு அண்ணாச்சிக்கு கனவு ஒண்ணும் வரல. அவரு உப்புப் பாக்கெட்ட விக்கதுக்கு விளம்பரம் குடுத்துக் குடுத்து அலுத்துப் போயி, ஊரான் ரேடியோவுக்கு ஏன் அழணும்னு சொந்தமா ஒண்ணு தொடங்குனாரு. மாடியில ரெண்டு ரூமு, சுவத்துல முட்ட அட்டை ஒட்டி ஸ்டூடியோ. அதுதான் கரை எஃப்எம். ஏழு வருசம் ஓடுச்சு. கல்யாண வாழ்த்து, காணாமப் போன ஆடு, கருவாட்டு வெல, சாவு கேதச் செய்தி, நடுவுல பாட்டு. அண்ணாச்சி கண்ண மூடின உடனே மவன் வித்தான், மெட்ராஸ்காரன் வாங்கினான், பேரு டமால் எஃப்எம்னு ஆச்சு. டமால்! வீட்டுக்குப் போன் போட்டு உன் புருசன் இன்னொருத்தி கூட சினிமாவுல இருக்கான்னு பொய் சொல்லி அழ வச்சு, அப்பறம் கைதட்டிச் சிரிக்கறது நிகழ்ச்சி. அது நாலு வருசம். எவளோ ஒருத்தி நெசமாவே தூக்க மாத்திரய முழுங்குனா, பத்திரிகையில வந்திச்சு, உடனே பேரு நெஞ்சம் எஃப்எம்னு மாறுச்சு. அழ வச்சவனே ஆறுதலும் சொன்னான், அதே கொரலு, எக்கோ மட்டும் கூட. காதல் தோல்விக்கு மருந்து, மெல்லிசை, எல்லாம் மெட்ராஸ்ல இருந்து கம்பியில வரும், உள்ளூர்ல ஒரு மனுசன் கெடையாது, ஒரு கம்ப்யூட்டரும் ஒரு பூட்டும். அதுவும் நாலு வருசம். கேக்க ஆளில்லாமப் போனதும் போன வருசம் மறுபடியும் கரை. நம்ம கரை. "நம்ம"ன்னு ஒரு வார்த்தையச் சேத்துட்டா நம்மளுதா ஆயிருமா?

எஃப்எம் கேட்டுட்டா கடலுக்குப் போறாங்கன்னு கேட்டீங்கள்ல சார், தண்ணி கேன் பக்கத்துல, ஒரு சிரிப்போட. போன்ல மெசேஜ் வருதுல்ல, கோவில் மைக்குல சொல்றாங்கல்லன்னு கேட்டீங்க. வருது சார். வாரத்துக்கு நாலு மெசேஜ் வருது. நாப்பது கிலோமீட்டர், நாப்பத்தஞ்சு கிலோமீட்டர் வேகத்துல காத்துன்னு வருசம் பூரா வருது, அந்த மெசேஜ நம்புனா கரையில உக்காந்து மணலத்தான் திங்கணும். கோவில் மைக்குல ஆறு மணிக்குச் சொல்லுவாங்க. போட்டு எறங்குறது நாலே முக்காலுக்கு. நாலே முக்காலுக்கும் ஆறு மணிக்கும் நடுவுல எத்தன மைலு கடல் இருக்குன்னு தெரியுமா சார் உங்களுக்கு? மீன் கொழம்புல துண்டு எண்ணத் தெரியும். அந்த நேரத்துக்கு இருந்தது மணிதான். மூணு தட்டு. அத எழுதுன பக்கத்தத்தான் பச்ச மையில மொத மொதல்ல அடிச்சாங்க.

நாலரைக்கு பிலோமி அக்கா வருவா. கரை எஃப்எம் தொடங்குன நாள்ல இருந்து அவதான். தையக்கடையில வேல பாத்தவ, பத்தாவது ஃபெயிலு, கொரலு மட்டும் கல்கண்ட வெந்நீர்ல கரச்ச மாதிரி. கோவில் மணியக்காரர் கிட்ட கெஞ்சி ஒரு பித்தளக் கைமணி வாங்கி வச்சிருந்தா. ராத்திரியே துறைமுகத்துக்குப் போன் போட்டு, காத்து எப்படி, அலை எப்படின்னு கேட்டு, காலம்பற மறுபடியும் ஒரு தடவ கேப்பா. நல்லா இருந்தா மைக்கு கிட்ட மணியத் தூக்கி மூணு தட்டு. பெறகு, "போயிட்டு வாங்க மக்கா." அவ்வளவுதான். காத்து சரியில்லன்னா மணி கெடையாது. நேரா கருவாட்டு வெல சொல்லத் தொடங்கிருவா. போகாதீங்கன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. ஏன்னா கடலுக்கு எறங்குறவன் மூஞ்சிக்கு நேரா அந்த வார்த்தய எங்க தெருவுல யாரும் சொல்ல மாட்டாங்க. பெண்டாட்டி சொல்ல மாட்டா, பெத்தவ சொல்ல மாட்டா, சொன்னா சொன்ன வாயே எமன். அதனால மணி இல்லாத காலைன்னா புரிஞ்சுக்கிடணும். புரிஞ்சுக்கிட்டாங்க. ஏழு வருசம். டமால் வந்தப்பவும் அது தப்பிச்சிச்சு, மெட்ராஸ்ல நாலரைக்கு எவன் முழிச்சிருக்கான், எஞ்சின் ஆயில் கடக்காரரு விளம்பரம் குடுக்காரு, கெடந்துட்டுப் போட்டும்னு விட்டுட்டாங்க. பதினோரு வருசம் மூணு தட்டு. நெஞ்சம் வந்தப்பதான் பிலோமி அக்காவுக்கு ஒரு சால்வையும் ஒரு சுவர்க் கடியாரமும் குடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மணி நின்னுச்சு. மணி நின்ன மறுநாள் ஒரு போட்டும் எறங்கல, பெருங்காத்து வருதுன்னு நெனச்சு ஊரே கரையில நின்னுச்சு, கடல் தட்டுல ஊத்துன கஞ்சி மாதிரிக் கெடந்திச்சு. ரெண்டு நா கழிச்சுத்தான் சேதி தெரிஞ்சிச்சு. நாலு வருசம் கடலப் பாத்து, வானத்தப் பாத்து, மெசேஜப் பாத்துப் போனாங்க. வந்தாங்க. அப்ப எல்லாரும் வந்தாங்க. அதுதான். அப்ப எல்லாரும் வந்தாங்க. மணி இல்லாத நாலு வருசத்துல ஒருத்தரும் சாகல, மணி திரும்பி வந்த ஒம்பதாம் நாள்ல.

அந்த மீட்டிங்க இப்ப நெனைக்க வேண்டாம். இப்ப மேடையப் பாரு. மேடையில நிவேதிதா மேடம் கைத்தறி சேல, பெரிய மூக்குத்தி, மண்வாசனையத் தலைல இருந்து கால் வரைக்கும் உடுத்தியிருக்காங்க. பக்கத்துல ஆர்ஜே ஜாக்கு, சொந்தப் பேரு செகதீசன், மைக்கப் புடிச்சுக்கிட்டு கீழ எறங்குறான். "கேளுங்க கேளுங்க, கேட்டுக்கிட்டே இருங்க! கரைக் குடும்பத்தோட நேரடியாப் பேசப் போறோம்!" நேரடி. இவளுக்குத் தெரியும், இது நேரடி கெடையாது. பதிஞ்சு வச்சு, வெட்டி, சாயங்காலம் ஆறு மணிக்குப் போடுவாங்க, ஆனா "இப்ப நேரடியா"ன்னுதான் சொல்லுவாங்க. இவ என்ன கேட்டாலும் ஆறு மணிக்குள்ள கத்திரிக்கோல் பட்டிரும். கத்திரிக்கோல் புடிக்க இவளே படிச்சது அங்கதான். அதனால இங்கயே கேக்கணும், இந்த அரங்கத்துக்குள்ள, காதோட இருக்கற மனுசங்க முன்னால. முன்னால இருந்து ரெண்டாவது வரிசையில ஜெபஸ்தி சித்தி உக்காந்திருக்கா. வேன் அனுப்பிக் கடற்கரத் தெரு சனத்தையெல்லாம் கூட்டிட்டு வந்திருக்காங்க, "நேயர் குடும்பம்"னு ஒரு அட்ட, ஒரு டிபன் பாக்ஸ். சித்தி அந்த டிபன் பாக்ஸ மடியில வச்சு ரெண்டு கையாலயும் புடிச்சிருக்கா, கொழந்தையப் புடிக்கற மாதிரி. வெள்ளப் பூப்போட்ட சேல. ஏன் சித்தி வந்தன்னு கேட்டா, கூப்பிட்டாங்க, வந்தேன்னுதான் சொல்லுவா. சித்திக்கு யாரு கூப்பிட்டாலும் போகணும், இப்ப கூப்பிடுற ஆளு கொறஞ்சு போச்சு, மீறிப் போனவன் பெண்டாட்டிய எவ கல்யாணத்துக்குக் கூப்பிடுவா?

மீறிப் போனவன். அதான் மீன்துறை ரிப்போர்ட்டுல எழுதியிருக்கு. "எச்சரிக்கையை மீறிச் சென்றதால்." ஐப்பசி பதினாலு, விடியக்காலம், மிசியேல் சித்தப்பாவும் கூட ரெண்டு பேரும் ஃபைபர் போட்டுல போனாங்க, முகத்துவாரம் தாண்டி அர மணி நேரத்துல வாடக் காத்து தூக்கி அடிச்சிச்சு, ரெண்டு பேரு டீசல் கேனப் புடிச்சு நீந்தி வந்தாங்க, சித்தப்பா மூணாம் நாளு வேற கரையில ஒதுங்குனாரு. ரிப்போர்ட்டு எழுத வந்தவரு கேட்டாரு, எச்சரிக்க குடுத்திருக்கே, ஏன் போனாங்க? மணி அடிச்சிச்சுன்னு சொன்னா சித்தி. எந்த மணி? ரேடியோ மணி. நீந்தி வந்த ரெண்டு பேரும் அதையேதான் சொன்னாங்க. ஸ்டேஷனுக்கு எழுதிக் கேட்டாங்க. ஸ்டேஷன்ல இருந்து ஒரு காகிதம் வந்திச்சு, அழகான தாளு, மேல ஒரு அலை படம்: அந்த நேரத்துல உள்ளூர் நிகழ்ச்சி எதுவும் ஒலிபரப்பாகறதில்ல, நீங்க சொல்ற பிலோமினாங்கற அறிவிப்பாளர் எங்க கிட்ட வேல பாக்கல. அந்தத் தாளோட நகலுதான் இப்ப இவ கையில எட்டா ஒட்டிக்கிட்டிருக்கு. ஒரு வார்த்த பொய் கெடையாது அதுல. நிகழ்ச்சி இல்ல, சரி. பிலோமி இல்ல, சரி. மணி அடிச்சிச்சான்னு கேட்டா மணியப் பத்தி ஒரு எழுத்து இல்ல. அன்னைக்கு எறங்குன போட்டு பதினொண்ணு. பத்து போட்டு பாதியில திரும்பிருச்சு. அந்தப் பத்துல ஒருத்தனும் வாய் தொறக்கல. போனோம்னு சொன்னா மீறிப் போனதா ஆயிரும், கடலுக்குப் போக மீன்துறை குடுக்கற டோக்கன் போயிரும். "நாங்க அன்னைக்கு எறங்கவே இல்ல தாயி"ன்னு சித்தி மூஞ்சியப் பாத்துச் சொன்னாங்க, ஈரம் காயாத வலய மிதிச்சுக்கிட்டு நின்னு. அப்ப மிச்சம் யாரு? செத்தவன். செத்தவன் தலையில எல்லாத்தையும் ஏத்தியாச்சு. குடிச்சிருப்பான், ஆசப்பட்டிருப்பான், பெண்டாட்டி தொரத்தியிருப்பா. ஊருக்கு வாயா இல்ல? சித்தப்பா குடிக்கவே மாட்டாரு. திருவிழாவுக்குக் கூட பன்னீர் சோடா. ஏப்பம் விட்டுட்டு, "டெல்பி, இதுதான்டா சரக்கு"ம்பாரு.

பாதிக்கப்பட்டவங்களுக்கு ஒரு வழி பண்ணலாம், இப்படி மேடை ஏறிக் கேக்காதன்னீங்களே சார். என்ன வழி? ரூமுக்குள்ள கூப்பிட்டு ஒரு காப்பியக் குடுத்து, தப்பா எடுத்துக்கிடாதீங்கம்மான்னு ஒரு வார்த்த. சித்தி எடுத்துக்கிட மாட்டா, அவ எதையும் எடுத்துக்கிட மாட்டா. அவளுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு, மணி அடிச்சிச்சுன்னு ஒருத்தன் சொல்லணும். அவ காது சரியா இருக்குன்னு. அவ புருசன் கேட்டுட்டுத்தான் போனான்னு. ஆதாரம் எங்கன்னு கேட்டீங்க, எரிச்சலா இருந்திச்சு சார் அந்தக் கேள்வி, ஏன்னா அதுக்குப் பதில் தெரியும். தெரிஞ்சதாலதான் வாயடைச்சுப் போச்சு. உங்களுக்குப் பயந்து இல்ல. பிலோமி அக்காவப் போயிப் பாத்தப்பவும் அதே மாதிரித்தான். சித்தப்பாவோட முப்பதாம் நாள் காரியத்துக்கு மறுநாள். தையல் மிசின் முன்னால உக்காந்து ஒரு ரவிக்கைக்குக் கொக்கி தச்சுக்கிட்டு இருந்தா, கை நிக்கல. "என் கொரலாட்டி போட்டாங்க?"ன்னு கேட்டா. "ஆமாக்கா, பழைய டேப்புல இருந்து." "போயிட்டு வாங்கன்னு நானே சொல்லி அனுப்பியிருக்கேன்." "நீங்க இல்லக்கா, அது டேப்பு." "கேட்டவனுக்கு என்னட்டி தெரியும் டேப்பா ஆளான்னு." ஊசிய வாயில கவ்விக்கிட்டு நூலப் பாத்தா. "எவ தேடி எடுத்துக் குடுத்தா அத? பதினோரு வருசத்து டேப்பு, பேரு கூட எழுதாமக் கெடந்திருக்கும். எடம் தெரிஞ்ச கை இல்லாம எடுத்திருக்க முடியாது." "தெரியலக்கா." அப்படித்தான் சொன்னா டெல்பினா. தெரியலக்கா. எங்க இருந்து வந்திச்சோ அந்த ரெண்டு வார்த்த, வழுக்கிக்கிட்டு, மீன் கையில இருந்து நழுவுற மாதிரி. தெரியலக்கா. இப்ப அடுத்தவன் எழுதுன தாளக் கையில வச்சுக்கிட்டு, இதுல பொய் இல்ல ஆனா உண்மையும் இல்லன்னு குதிக்கற. உன் வாயில இருந்து வந்தது என்ன? அது அச்சுல ஏறல, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, நெனச்சுத் தொல. அந்த மீட்டிங். ட்ரெய்னிங் சேந்த ரெண்டாவது வாரம். நீள மேசை, நடுவுல முறுக்கு. நிவேதிதா மேடம் சொல்லுதாங்க, இனிமே நாம லோக்கல், சர்வேயில சனம் நம்ம ஊர்ச் சத்தம் வேணும்னு கேக்காங்க, ஆளுக்கொரு சத்தம் சொல்லுங்க. ஒருத்தன் பரோட்டா கொத்துற சத்தம்னான். ஒருத்தன் உப்பு லாரி ஹாரன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. "நீ எந்த ஏரியாம்மா?"ன்னு மேடம் கேட்டாங்க. அப்பத்தான் அந்த செகதீசன், "மேடம், ஜன்னல சாத்திரலாமா, கடற்கரத் தெருப் பக்கமிருந்து வாசம் தூக்குது"ன்னு மூக்கப் புடிச்சான். இவ, "பீச் ரோடு மேடம்"னா. பீச் ரோடுன்னா பங்களா இருக்கற எடம். கடற்கரத் தெருன்னு சொல்றதுக்கு வாய் வரல, அட்டை மாட்டுன கழுத்து, இஸ்திரி போட்ட சுடிதாரு, ஒரே ஒரு வார்த்த, வரல. "ஒரு மணிச் சத்தம் இருக்கு மேடம். பழைய ஸ்டேஷன்ல போடுவாங்க. மூணு தட்டு. கேட்டா ஊருக்கே புல்லரிக்கும்." தேடி எடுத்துக் குடுத்தா. இரைச்சல நீக்கி, "போயிட்டு வாங்க மக்கா"வோட சேத்து ஏழு செகண்டுக்கு வெட்டி, அழகாக் குடுத்தா. மேடம் கண்ண மூடிக் கேட்டாங்க. "பியூட்டிஃபுல். ஒவ்வொரு மணிக்கும், ஒவ்வொரு அரமணிக்கும் ஓடட்டும். ஆபீஸ் போறவன், ஸ்கூல் போறவன், எல்லாருக்கும் பொருந்தும்." அப்ப சொல்லியிருக்கணும். மேடம், அது எல்லா நாளும் போடுற மணி இல்ல. ஒரே ஒரு வரி. ஆனா அதச் சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்னு அடுத்த கேள்வி வரும். எங்க வீட்ல கேப்போம்னு சொல்லணும். எங்க சித்தப்பா அந்த மணிக்குத்தான் எந்திரிப்பாருன்னு சொல்லணும். பீச் ரோடு சித்தப்பா நாலரைக்கு எந்திரிச்சு எங்க போவாரு? சொல்லல. எல்லாரும் கைதட்டுனாங்க. ஜாக்கு ஒரு முறுக்க எடுத்து நீட்டுனான். தின்னா.

இத்தோட நின்னாலும் பரவால்ல. மணி மொத நாள் அடிச்ச அன்னைக்கு காலம்பற அஞ்சு மணிக்குள்ள போன் வந்திச்சு, தண்ணியில இருந்துதான், பின்னால எஞ்சின் சத்தம். "டெல்பி! பிலோமி வந்துட்டா போலயே! மூணு தட்டு கேட்டியா? லூர்து அழுவுதான்டா, மூதேவி, போட்டுல நின்னுக்கிட்டு அழுவுதான்!" சித்தப்பா சிரிக்காரு. இவ போர்வைக்குள்ள கெடந்துக்கிட்டு, தூக்கக் கலக்கத்துல, பெருமையில, ஆமா பெருமையிலதான், "நான்தான் சித்தப்பா கொண்டு வந்தேன்"னா. "நெசமாவா? எங்க புள்ள கொண்டு வந்தாளா?" எஞ்சின் சத்தத்துக்கு மேல கத்துதாரு, லேய், மணியக் கொண்டாந்தது எங்க வீட்டுப் புள்ளடான்னு. பிலோமி இல்ல சித்தப்பா, அது வெறும் டேப்பு, தெனமும் அடிக்கும், அத நம்பாதீங்க. இத்தன வார்த்த. பத்தே பத்து. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது சொல்லிக்கிடலாம்னு நெனச்சா. சாயங்காலம் வந்தாரு, நெத்திலிய ஒரு பையில போட்டுக் குடுத்து தலையத் தட்டிட்டுப் போனாரு. அந்தச் சந்தோசத்த எப்படிப் பிடுங்கறது? நாளைக்குச் சொல்லலாம். எட்டு நாள் நாளைக்கு. ஒம்பதாம் நாள்.

"ஏட்டி, உங்க சித்தி கிட்ட மைக்கு போவுது"ன்னு சபூரா முழங்கையால இடிச்சா. ஜாக்கு ரெண்டாம் வரிசைக்குக் குனிஞ்சு, பல்லெல்லாம் தெரிய, "அக்கா, வணக்கம்க்கா! நம்ம கரையில உங்களுக்குப் பிடிச்சது என்னக்கா?"ன்னான். சித்தி மைக்கப் பாத்தா. அது கடிக்குமோன்னு பாக்கற மாதிரி. டிபன் பாக்ஸ இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கிட்டா. "மணி"ன்னா. ஸ்பீக்கர்ல அவ கொரலு அரங்கம் பூரா விழுந்திச்சு, அவளே திடுக்குன்னு நிமிந்தா. "காலம்பற மணி அடிப்பாங்கல்ல." "சூப்பர்க்கா! மணிக்கு ஒரு கைதட்டு குடுங்க!" தட்டுனாங்க. மொத வரிசையில கருணாகரன் சாரும் தட்டுனாரு. சித்தி மைக்க விடல, அது யாரும் எதிர்பாக்கல. "அன்னைக்கும் அடிச்சிச்சு"ன்னா. "பதினாலாந் தேதியும் அடிச்சிச்சு தம்பி. நாங் கேட்டேன்." ஜாக்குக்கு எந்தப் பதினாலுன்னு தெரியாது, அவன் எதுக்குத் தெரிஞ்சிருக்கணும், அவனுக்குத் தெரிஞ்சது நேரத்த நிரப்பணும், சிரிக்கணும். "தெனமும் அடிக்கும்க்கா! மழையோ வெயிலோ, ஒரு நாள் விடாம நம்ம மணி அடிக்கும்! எங்க, மணியப் போடுங்கப்பா!" போட்டுட்டாங்க. டங். அரங்கத்து நாலு மூலையிலயும். டங். பித்தளச் சத்தம், இரைச்சல் நீக்குன சத்தம், இவ கையால நீக்குனது. டங். "போயிட்டு வாங்க மக்கா." சித்தி கை தானா நெத்திக்குப் போச்சு, நெஞ்சுக்கு, எடது தோளு, வலது தோளு. கடற்கரத் தெரு சனம் மொத்தமும் போட்டுச்சு சிலுவ, பழக்கம், முப்பது நாப்பது கை ஒண்ணா ஏறி எறங்குச்சு. மேடையில நிவேதிதா மேடம் மட்டும் சிரிக்கல. அவங்க ஜாக்கப் பாத்து விரல அசைச்சாங்க, போதும், அடுத்த ஆளுக்குப் போங்கற மாதிரி.

அவங்களுக்குத் தெரியும். அந்த விரலு போதும். அப்ப அந்தத் தாள எழுதும்போதே தெரியும். டெல்பினாவுக்குக் காலு எந்திரிச்சிருச்சு, அவளக் கேக்காமலே. "ஏட்டி உக்காரு, சாரு பாக்காரு"ன்னு சபூரா துப்பட்டாவப் புடிச்சு இழுத்தா. பாக்கட்டும். "விடு சபூரா." "மார்க்குல கை வைப்பாரு." "வைக்கட்டும். அவரு வேற எதுல கை வச்சாரு இதுவரைக்கும்?" ஆறாவது வரிசையில யாரோ ஒரு பையன் மைக்க வாங்கி அண்ணனுக்கு ஒரு பாட்டு வேணும்னு கேட்டுக்கிட்டு இருந்தான். அவன் முடிக்கறதுக்குள்ள இவ சந்துல எறங்கிட்டா. பயம் இருந்திச்சு. சாரு மேல இல்ல, மேடம் மேலயும் இல்ல. சித்தி திரும்பிப் பாப்பா. இந்த மைக்குல இவ சொல்லப் போற மொத வாக்கியத்தக் கேட்டதும் சித்தி மூஞ்சி என்ன ஆகும்ங்கற பயம். இதுவரைக்கும் அந்த வீட்டுல இவளுக்குச் சோறு போட்ட கை சித்தியோடது. ஆனா தான் செஞ்சதச் சொல்லாமக் கேட்டா கேள்வி அந்தத் தாளு மாதிரித்தான் இருக்கும், பொய்யும் இல்லாம உண்மையும் இல்லாம. காகிதத்த விரிக்கப் பாத்தா, கிழிஞ்சு போச்சு. சரி, வேண்டாம். ஜாக்கு, "அட, நம்ம ட்ரெய்னிங் பொண்ணு! வாங்க வாங்க"ன்னு மைக்க நீட்டுனான். வாங்கினா. ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டா. மொத வரிசையில கருணாகரன் சாரு எந்திரிச்சு நிக்காரு, நில்லுங்க சார், நின்னே கேளுங்க.

"என் பேரு டெல்பினா. கடற்கரத் தெரு. பீச் ரோடுன்னு உங்ககிட்டச் சொன்னது பொய் மேடம். இப்ப அடிச்ச மணியத் தேடி எடுத்து, வெட்டி, கொண்டாந்து குடுத்தது நான்தான். சித்தி, நான்தான். அது காத்து நல்லா இருக்கற நாளைக்கு மட்டும் அடிக்கற மணின்னு எனக்குத் தெரியும், நான் சொல்லல. சித்தப்பாகிட்ட அது டேப்புன்னும் சொல்லல. என் பங்கு அதுதான், அத இத்தன பேரு முன்னால ஒத்துக்கிட்டேன். இப்ப உங்க பங்கு மேடம். பதினாலாந் தேதி விடியக்காலம் நாலரைக்கு அப்படி எதுவும் ஒலிபரப்பு இல்லன்ற மாதிரி எழுதிக் குடுத்தீங்க. அந்தத் தாள வச்சுத்தான் எங்க சித்தப்பாவ மீறிப் போனவன்னு எழுதிட்டாங்க. உங்க ஆளு இப்ப, இதே மைக்குல, ஒரு நாள் விடாம அடிக்கும்னு சொல்லிட்டாரு. ரெண்டுல எது பொய்? ரூமுக்குக் கூப்பிடாதீங்க, லெட்டர் போடாதீங்க, ஆறு மணிக்கு வெட்டி ஒட்டாதீங்க. எங்க சித்தி அன்னா இருக்கா, அவள நேரா பாத்துச் சொல்லுங்க. அன்னைக்கு மணி அடிச்சிச்சா, இல்லையா?"